பனிச்சறுக்குப் பலகையைச் சுற்றிலும் எஃகு வேண்டுமா?

பனியே விழாத நாட்டில் இருந்துகொண்டு பனிச்சறுக்குப் பலகையைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று சிலர் கேட்கலாம். 2018ஆம் ஆண்டு தென்கொரியாவின் பியோங்சாங்கில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் ஜெஃப்ரி வெப் மலேசியாவுக்காகச் சறுக்கினார் என்பது ஒரு பதில். எனக்குப் பிடித்த பதில் வேறு. பாடநூலில் தனித்தனியாகப் படிக்கும் அழுத்தம், வெப்ப விரிவு, வளைவு எல்லாம் இந்த ஒரு பொருளில் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கின்றன.

ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் சொந்தப் பட்டறையில் தாங்களே பலகை செய்துகொள்ளும் ஆர்வலர்கள் உண்டு. நடுவில் மரம், அதன் மேலும் கீழும் எப்பாக்சிப் பசையில் நனைத்த கண்ணாடியிழை, அடியில் வழுக்கும் பாலிஎத்திலீன், அதன் ஓரங்களில் மெல்லிய எஃகு விளிம்பு. இவற்றை அடுக்கி அழுத்தி ஒட்டினால் பலகை தயார். எஃகை முனையிலும் வாலிலும் வளைத்துச் சுற்றிலும் ஓட்டுவதா, பனியைத் தொடும் நீளத்தோடு நிறுத்துவதா என்பதில்தான் வாக்குவாதம். முதல் பலகை செய்பவர் நிறுத்திவிட வேண்டும் என்பது என் கருத்து.

எஃகு எதற்கு என்பதை முதலில் பார்ப்போம். 80 மில்லிமீட்டர் அகலமுள்ள பலகை தட்டையாக இருக்கும்போது உடல் எடை அந்த அகலம் முழுதும் பரவுகிறது. திருப்பத்தில் பலகையைச் சாய்த்தால், கடினமான பனியில் 2 மில்லிமீட்டர் அகல விளிம்பே அந்த எடையைத் தாங்குகிறது. பரப்பு 40இல் ஒரு பங்காகக் குறைய, அழுத்தம் 40 மடங்காகிறது. அதனால்தான் விளிம்பு பனிக்கட்டியைக் கடித்துப் பிடிக்கிறது. வெறும் மர விளிம்பு சீக்கிரமே மழுங்கிவிடும்.

ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் வட்டாரத்தைச் சேர்ந்த மலையேறி ருடால்ஃப் லெட்னர் 1920களில் இதற்கு வழி கண்டார். மரப்பலகையின் ஓரத்தில் எஃகைத் திருகாணியால் முடுக்கினார், ஆனால் ஒரே நீளப் பட்டையாக அல்ல, சிறு சிறு துண்டுகளாக. காரணத்தை நீங்களே கணக்கிடலாம். பலகை 6 மீட்டர் ஆரமுள்ள வளைவாக வளைகிறது என்று வையுங்கள். பலகையின் நடுத்தளத்திலிருந்து 6 மில்லிமீட்டர் கீழே இருக்கும் எஃகு ஆயிரத்தில் ஒரு பங்கு நீண்டாக வேண்டும். 1.8 மீட்டருக்கு அது 1.8 மில்லிமீட்டர். எஃகோ மரத்தைவிடப் பல மடங்கு விறைப்பானது, எளிதில் நீளாது. துண்டுகளுக்கு இடையே இடைவெளி இருந்தால் இந்தச் சண்டையே இல்லை. ஆனால் திருகாணிகள் கழன்றுபோகும் தொல்லை வந்தது. இன்று ஒரே பட்டைதான். அதன் உட்பக்கம் 'டி' எழுத்து வடிவப் பற்கள் கண்ணாடியிழைக்கு அடியில் புதைந்து, பசையோடு சேர்ந்து பிடித்துக்கொள்கின்றன.

இனி நம் வழக்குக்கு வருவோம். சுற்றிலும் எஃகு வேண்டாம் என்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணம் எடை. என் பக்கத்து ஆட்கள்தான், ஆனாலும் இந்த வாதம் எனக்குப் பிடிக்கவில்லை. 2 மில்லிமீட்டர் சதுர எஃகுப் பட்டை மீட்டருக்கு 31 கிராம்தான். பற்களைச் சேர்த்தால் கொஞ்சம் கூடும். முனையிலும் வாலிலும் சேர்த்து 60 சென்டிமீட்டர் மிச்சப்படுத்தினாலும் 20 கிராம் அளவுதான். காலை உணவில் ஒரு ரொட்டித் துண்டைக் குறைத்தாலும் அது கிடைத்துவிடும்!

உண்மையான காரணம் பசையில் இருக்கிறது. பலகையின் பக்கவாட்டு வளைவு மென்மையானது. எஃகு அதற்கு எளிதில் இணங்கும். முனையிலோ சில சென்டிமீட்டர் ஆரத்தில் எஃகைப் பக்கவாட்டில் வளைக்க வேண்டும், மேல்நோக்கியும் தூக்க வேண்டும். வளைத்த எஃகு, கையை எடுத்ததும் கொஞ்சம் திரும்பி நிமிரும். தொழிற்சாலை இயந்திரம் அந்த மீள்வையும் கணக்கில் சேர்த்து வளைக்கும். வீட்டில் கையால் வளைப்பவர், சரியாகப் பொருந்தாத எஃகை இழுத்துப் பிடித்து ஒட்டிவிடுவார். அன்றிலிருந்து அந்த எஃகு நிமிரப் பார்த்துக்கொண்டே இருக்கும். பசை அதை இழுத்துக்கொண்டே இருக்கும். ஒருநாள் மயிரிழை விரிசல் விழும். அதில் நீர் புகுந்து உறையும்போது 9 விழுக்காடு பருத்து, விரிசலை ஆப்பு வைத்ததுபோல் பிளக்கும்.

முனையில் எஃகு இருந்தால் பாறையிலும் அடுத்த பலகையிலும் மோதும்போது பாதுகாப்பு என்கிறார்கள் எதிர்த்தரப்பினர். பாறைகள் தலைகாட்டும் சரிவில் சறுக்குபவருக்கு இது நியாயமான வாதம்தான். மற்றவர்களுக்கு, முனையைச் சுற்றிக் கெட்டியான பிளாஸ்டிக் பட்டை ஒட்டினால் போதும். அது பிடிவாதமின்றி வளையும்.

எங்கே நிறுத்துவது என்பதில்தான் கவனம் வேண்டும். பலகை தரையைத் தொடும் புள்ளியிலேயே எஃகை முடித்தால், சாய்ந்து திரும்பும்போது அதன் நுனி பனியில் மாட்டும். வேகத்தில் விளிம்பு பிய்ந்து வந்தால் பிடிப்பு போய்விடும், ஆளும் விழுவார். ஆகவே மேல்நோக்கி வளையத் தொடங்கிய பிறகும் சில சென்டிமீட்டர் கொண்டுபோய், நுனியைச் சற்று உள்நோக்கி மடக்கி, கடைசிப் பல்லையும் கண்ணாடியிழைக்கு அடியில் புதைக்க வேண்டும்.

எஃகுக்கும் கண்ணாடியிழைக்கும் நடுவே வைக்கும் மெல்லிய ரப்பர் பட்டையைச் சிக்கனம் என்று விட்டுவிடாதீர்கள். 20 டிகிரி செல்சியஸிலிருந்து உறைநிலைக்குக் கீழே 10 டிகிரிக்குப் போனால், 1.8 மீட்டர் எஃகு 0.65 மில்லிமீட்டர் சுருங்கும். அதே நீளப் பாலிஎத்திலீன் தனியாக இருந்தால் சுமார் 8 மில்லிமீட்டர் சுருங்கும். வெவ்வேறு அளவில் சுருங்க நினைப்பவற்றை ஒட்டி வைத்திருக்கும் பசைக்குக் கொஞ்சம் நெகிழ இடம் வேண்டும்.

இவ்வளவு செய்தும் ஒருநாள் விளிம்பு பாறையில் இடிக்கத்தான் போகிறது. உரசிய இடத்தில் எஃகு நொடியில் சூடேறி, உடனே குளிர்ந்து, முன்பைவிடக் கடினமாகிவிடும். அரம் போட்டால் வழுக்கும். வைரத்தூள் பதித்த கல்லால்தான் முதலில் தேய்க்க வேண்டும். எஃகே உடைந்திருந்தால் அந்தத் துண்டை மட்டும் வெட்டியெடுத்து, புதுத் துண்டை எப்பாக்சியாலும் சிறு திருகாணிகளாலும் பொருத்தலாம். நேரான பக்கவாட்டில் இது ஓர் மாலை வேலை. முனையின் வளைவில் உடைந்திருந்தால், மறுபடியும் அந்தப் பழைய வளைக்கும் வேலையிலிருந்து தொடங்க வேண்டும்.