டோபமின் இன்பச் சாறு அல்ல

யூடியூபைத் திறந்தால் டோபமின். பள்ளி ஆண்டு விழாவில் பேச வருகிறவர் வாயிலும் டோபமின். அது மூளையில் ஊறும் இன்பச் சாறாம். கைபேசியைத் தொடும்போதெல்லாம் சொட்டுமாம். சில நாள் ‘டோபமின் விரதம்’ இருந்தால் மூளை பழையபடி ஆகிவிடுமாம். இது தவறு. பிள்ளைகளைப் பற்றிய கவலையோடு வந்து உட்காரும் பெற்றோரிடம் சொல்லப்படுவதால், கண்டித்தே ஆகவேண்டிய தவறு.

வாந்திக்கு மருந்துக்கடையில் தரும் டோம்பெரிடோன் மாத்திரையைப் பாருங்கள். வாந்தியைத் தூண்டும் பகுதியிலுள்ள டி2 ஏற்பிகளில் டோபமின் போய் ஒட்டாதபடி அது மறித்துக்கொள்கிறது, குமட்டல் அடங்குகிறது. அந்த இடத்தில் டோபமினின் வேலை குமட்ட வைப்பது! பிட்யூட்டரி சுரப்பியிலோ டோபமின், பால் சுரக்கவைக்கும் புரோலாக்டினை அடக்கி வைக்கிறது. அதனால்தான் இதே மாத்திரையால் சிலருக்கு மார்பில் பால் கசிகிறது. டி1 முதல் டி5 வரை ஏற்பிகள் ஐந்து வகை. டி1 குடும்பத்து ஏற்பிகள் உயிரணுவுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற தூது மூலக்கூறைக் கூட்டும். டி2 குடும்பம் குறைக்கும். எந்த ஏற்பி, மூளையில் எந்த இடம் என்று சொல்லாமல் ‘டோபமின் ஏறிவிட்டது’ என்பதற்குப் பொருளே கிடையாது.

1950களின் பிற்பகுதியில் சுவீடன் நாட்டு ஆர்விட் கார்ல்சன் முயல்களுக்கு ரிசர்பின் கொடுத்தார். நம் நாட்டுச் சர்ப்பகந்தி வேரிலிருந்து பிரித்தெடுத்த மருந்து அது; மூளையில் டோபமினை வற்றவைக்கும். முயல்கள் அசையாமல் கிடந்தன. மூளையில் டோபமினாக மாறும் எல்-டோபாவைச் செலுத்தியதும் எழுந்து நடமாடின. பார்க்கின்சன் நோய்க்கு இன்று தரும் லெவோடோபாவுக்கு வழி திறந்தது அங்கேதான். 2000இல் அவர் நோபல் பரிசு பெற்றார்.

இன்பக் கதைக்கு வித்திட்டது 1954இல் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஓல்ட்ஸும் மில்னரும் செய்த சோதனை. மூளையின் சில இடங்களில் மின்தூண்டல் கிடைப்பதற்காக எலிகள் ஓயாமல் நெம்புகோலை அழுத்தின. இன்பத்துக்காகத்தான் அழுத்துகின்றன என்று முடிவு கட்டினார்கள்; பின்னால் வந்தவர்கள் அந்த இன்பத்தை டோபமினின் கணக்கில் எழுதினார்கள். மிச்சிகனில் கென்ட் பெரிட்ஜ் எலிகளின் மூளையில் டோபமினை ஏறக்குறைய முழுவதும் அழித்துப் பார்த்தார். தாமாக இரை தேடித் தின்ன அவற்றால் முடியவில்லை. வாயில் சர்க்கரை நீர் விட்டபோதோ, எப்போதும்போல் உதட்டை நக்கிச் சுவைத்தன. இனிப்பின் சுவை அப்படியே இருந்தது. அதை நாடிப் போகும் உந்துதல்தான் அற்றுப்போயிருந்தது.

கைபேசியை ஒதுக்கி வைப்பது நல்லதே. தூக்கமும் படிப்பும் கெடுகின்றன என்ற காரணம் போதாதா? விரதத்தால் டோபமின் வற்றுவதில்லை. நடுமூளையில் உண்மையாகவே வற்றினால், கை நடுங்கி உடல் விறைக்கும்.

‘இன்பச் சாறு’ என்ற இந்தப் பொய்யால் அதிகம் அடிபடுகிறவர்கள் நோயாளிகள். பார்க்கின்சன் நோய்க்குத் தரும் பிரமிபெக்சோல், டோபமினைப்போலவே ஏற்பிகளைத் தூண்டுவது. அதை உட்கொள்ளும் சிலருக்குச் சூதாட்ட வெறியோ, பொருள் வாங்கிக் குவிக்கும் வெறியோ பிடிக்கிறது. வாழ்நாள் முழுதும் சிக்கனமாக இருந்தவர் சேமிப்பைச் சூதில் இழக்கும்போது, வயதான காலத்தில் சுகம் தேடுகிறார் என்று வீட்டார் ஏசுகிறார்கள். அவரை உந்துவது மருந்து. மாத்திரையைத் தாமாகத் திடீரென நிறுத்தக் கூடாது. மருத்துவர் அளவைக் குறைத்தாலோ மருந்தை மாற்றினாலோ பலருக்கு அந்த வேகம் தணிந்துவிடுகிறது. மருந்துச் சீட்டு எழுதும் அன்றே இதைக் குடும்பத்தாரிடம் சொல்லிவிட வேண்டும்.