வெள்ளை மை எங்கே பாஸ்?

2010-ஓட நின்னுபோன போடி மீட்டர்கேஜ் ரயிலை குட்டி மாடலா செய்யப் போறீங்களா? சபாஷ்! 2023-ல் வந்தது அகலப்பாதை. பழைய ரயில் இனி உங்க மேஜையில்தான் ஓடணும்.

பெட்டியில் எழுத்து ஒட்ட டீகால் வேணும். தண்ணீரில் நனைச்சு, வழுக்கி ஒட்டுற ஸ்டிக்கர். இங்க்ஜெட்ல அடிச்சா மை கரையும். நனைக்கிறதுக்கு முன்னாடி கிளியர் லாக்கர் ஸ்பிரே பண்ணிக் காயவிடுங்க. லேசர் டோனர் கரையாது. ஆனா, லேசருக்கான ஃபிலிம்தான் வாங்கணும்.

சாதாரண வீட்டு பிரின்டர்ல வெள்ளை மை கிடையாது. வெள்ளை அடிச்ச ஜப்பானோட ஆல்ப்ஸ் பிரின்டர் தயாரிப்பு எப்பவோ நின்னாச்சு. பழசை வாங்கிட்டு ரிப்பனுக்கு அலையாதீங்க!

மலைச்சாரல் ஈரத்தில் ஃபிலிம் நமுத்துடும். கவர்ல மூடி வைங்க. வாரம் ஒரு கலர் பக்கம் அடிச்சா இங்க்ஜெட் அடைக்காது.

முதல்ல ஸ்டேஷன் போர்டு செய்யுங்க. மஞ்சள்ல கறுப்பு எழுத்து... வெள்ளையே வேணாம்!