வெற்றிடத்தைச் சமைத்தவர்கள்

இரசாயனவியல் என்றதும் புதிய பொருளொன்றை ஆக்கும் கலையென்றே நம்மிற் பலர் எண்ணியிருக்கிறோம். 2025ஆம் ஆண்டின் நோபெல் பரிசோ, பொருளினுள்ளே வெற்றிடத்தைச் சமைத்தவர்களுக்குக் கிடைத்திருக்கிறது. யப்பானியரான சுசுமு கிதகாவா, அவுஸ்திரேலியாவிற் பணிபுரிந்த றிச்சட் றொப்சன், அமெரிக்காவிற் பணிபுரியும் ஓமார் யாகி ஆகிய மூவரும் அதனைப் பகிர்ந்துகொண்டனர்.

கதை தொடங்குவது 1974இல், மெல்போன் பல்கலைக்கழகத்தில். மாணவர்க்கு மூலக்கூறுகளின் அமைப்பைக் காட்டுதற்கு மரக்குண்டுகளாலும் கோல்களாலும் மாதிரிகள் செய்விக்க முனைந்த றொப்சன், குண்டுகளில் எங்கெங்கே துளையிட வேண்டுமென்று பட்டறைக்குக் குறித்துக் கொடுத்தார். துளைகளின் இடம் சரியாக அமைந்தால், மாதிரி தானாகவே உரிய உருவத்தை அடைந்துவிடுவதைக் கண்டார். உண்மை அணுக்களும் இவ்வாறு தம்மைத் தாமே அடுக்கிக்கொள்ளுமோ? அக்கேள்வி பத்தாண்டுக்கு மேலாக அவர் உள்ளத்திற் கிடந்தது. பின்னர் செப்பு அயன்களையும் நான்கு கைகளையுடைய சேதன மூலக்கூறொன்றையும் சேர்த்தார். வைரத்தின் அமைப்பை ஒத்த, ஆனால் உள்ளே பெருங்குழிகளையுடைய பளிங்கு தோன்றிற்று. 1989இல் முடிவு வெளிவந்தது. பளிங்கோ எளிதிற் குலைந்துபோவதாயிருந்தது.

அதனை உறுதிப்படுத்தியவர்கள் மற்றை இருவருமாவர். "இதனாற் பயன் யாது?" என்று கேட்டுப் பணம் தர மறுத்தோரைப் பொருட்படுத்தாது, 1997இல் வாயுக்கள் புகுந்து வெளிவரக்கூடிய சட்டகத்தைக் கிதகாவா ஆக்கினார். 1999இல் யாகி ஆக்கிய சட்டகத்தின் சில கிராமினுள்ளே உதைபந்தாட்ட மைதானமொன்றின் பரப்பு அடங்கியிருக்கிறதாம். அம்மானில், அகதிக் குடும்பத்திலே, குழாய்நீரற்ற வீட்டில் வளர்ந்தவர் அவர். அவரே பின்னர் பாலைநிலக் காற்றிலிருந்து நீரைப் பிடிக்கும் சட்டகங்களை ஆக்கினார் என்பதை வாசிக்கையில் விஞ்ஞானச் செய்தியை வாசிப்பதாகத் தோன்றவில்லை. துத்தநாகத்தைக் கொண்டமைந்த இன்னொரு சட்டகம் கனடாவிலே சீமெந்து ஆலைப் புகையிலிருந்து காபனீரொட்சைட்டைப் பிரிக்கப் பயன்படுத்தப்பட்டுள்ளது. எனினும் பரிசோதனைச் சாலையிற் சில கிராம் செய்வது வேறு. மலிவான விலைக்குத் தொன் கணக்கிற் செய்வது வேறு. செய்தித்தாள்களின் கொண்டாட்டத்தில் இந்த வேறுபாடு மறைந்துபோகிறது.

ஏனைய கிளைகளும் உறங்கிக்கிடக்கவில்லை. பௌதிக இரசாயனத்தின் கொடையான இலிதியம் அயன் மின்கலம் 2019இலும், உலோகமின்றித் தொழிற்படும் சிறு சேதன ஊக்கிகள் 2021இலும், புரதங்களின் உருவத்தைக் கணினியால் முன்னறிதலும் புதிய புரதங்களை வடிவமைத்தலும் 2024இலும் பரிசு பெற்றன.

நம் நாட்டவர் உற்று நோக்க வேண்டியது, பரிசு பெறாத ஒரு முயற்சியையே என்பது என் கருத்து. இரசாயன உர இறக்குமதி 2021இல் திடீரென நிறுத்தப்பட்டபோது, விளைச்சல் சரிய, அவ்வாண்டு முடியுமுன்னரே அரசு அம்முடிவைக் கைவிட நேர்ந்தது. யூரியாவின் தாயான அமோனியா இன்றும் ஏபர் கண்ட வழியிலேதான், மிகுந்த அமுக்கத்திலும் நானூறு பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்திலும் பெரும்பாலும் ஆக்கப்படுகிறது. அதற்கு வேண்டிய ஐதரசன் பெரும்பாலும் இயற்கைவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் வருவதால், எரிபொருளின் விலை ஏறுமிடத்து உரத்தின் விலையும் ஏறுகிறது. காற்றின் நைதரசனையும் நீரையும் கொண்டு, மின்சாரத்தால், சாதாரண வெப்பநிலையில் அமோனியாவை ஆக்க இயலுமாயின், வெயில் நிறைந்த சிறு தேசமொன்று தனக்கு வேண்டிய உரத்தைத் தானே செய்துகொள்ளலாம்.

அதனைச் செய்துவிட்டோம் என்று முன்வந்தோர் பலர். ஆனால் அவர்கள் அளந்த அமோனியா அணுவளவு. காற்றிலும் கையுறையிலும், ஏன், மனிதர் விடும் மூச்சிலுங்கூட அவ்வளவு அமோனியா உண்டு. 1​5 என்னும் திணிவெண்ணுடைய நைதரசனைச் செலுத்தி, விளைந்த அமோனியாவில் அதே நைதரசன் இருக்கிறதா என்று பார்க்கும் கடுஞ்சோதனை முறையொன்றை 2019இல் ஆய்வாளர் குழுவொன்று வகுத்தது. அச்சோதனையில் இலிதியத்தின் துணையுடன் நிகழும் முறை தேறிற்று. அதுவோ, இன்னும் மிகுந்த மின்சாரத்தை விழுங்குகிறது.