தம்பிக்கு எழுதிக்கொடுக்கும் பவர் பத்திரம்



தகப்பனார் விட்டுச்சென்ற வீடும் நிலமும் திருநெல்வேலியிலோ தூத்துக்குடியிலோ இருக்க, நாமோ முலுண்டிலும் தாராவியிலும் பிழைக்கிறோம். ஒவ்வொரு கையெழுத்துக்கும் ரயில் ஏறிப் போக இயலாது. ஆகையால் நம்மில் அநேகர் ஊரிலுள்ள தம்பிக்கோ மைத்துனருக்கோ பவர் பத்திரம் எழுதிக் கொடுத்துவிடுகிறோம். அதுவும் எப்படி? தட்டச்சுக் கடையில் ஆயத்தமாயிருக்கும் படிவத்தில் பெயரை நிரப்பி, நோட்டரியின் முத்திரையைப் பெற்று, கூரியரில் அனுப்பிவிடுகிறோம்.

அந்தப் படிவத்தை எப்போதாவது முழுவதும் வாசித்ததுண்டா? பட்டா மாற்றத்துக்காக மட்டுமே கொடுத்ததாக நீங்கள் எண்ணியிருப்பீர்கள். உள்ளேயோ, விற்கவும் அடமானம் வைக்கவும் கிரயத்தொகையைப் பெற்றுக்கொள்ளவும் அதிகாரம் அளித்திருக்கும். அந்த அதிகாரத்துக்கு உட்பட்டு முகவர் போடுகிற கையெழுத்து உங்களையே கட்டுப்படுத்தும். தம்பி நல்லவராகவே இருக்கலாம். அவருக்குக் கடன் கொடுத்தவரும் அப்படியே இருப்பார் என்று யார் சொல்லக்கூடும்? எந்தச் சர்வே எண், எந்தக் காரியம் என்பதை மட்டும் எழுதுங்கள். வேண்டாத வரிகள் இருந்தால் வேறு தாளில் புதிதாகவே தட்டச்சு செய்யச் சொல்லுங்கள்.

அடுத்தது நோட்டரி முத்திரை. பவரைக் கொண்டு உங்கள் சார்பில் ஒருவர் பத்திரத்தைப் பதிவுக்குத் தாக்கல் செய்ய வேண்டுமானால், 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் 33ஆம் பிரிவு ஒரு முறையை விதிக்கிறது. இந்தியாவில் குடியிருப்பவர், தாம் குடியிருக்கும் எல்லைக்குரிய சார்பதிவாளர் முன் கையெழுத்திட்டு அவருடைய அத்தாட்சியைப் பெறவேண்டும். நோட்டரி முன் எழுதிக்கொடுக்கும் வழி வெளிநாட்டில் வசிப்பவருக்கே உரியது. முலுண்டில் இருப்பவர் மும்பை புறநகர் மாவட்டத்திலும், அடுத்த ஸ்டேஷனாகிய தாணேயில் இருப்பவர் தாணே மாவட்டத்திலும் போகவேண்டும். நோயினால் நடமாட இயலாதவர் நேரில் வரவேண்டியதில்லை; பதிவு அதிகாரியே வீட்டுக்கு வந்து விசாரிக்க வழியுண்டு. இது அநேகருக்குத் தெரியாது.

தமிழ்நாட்டிலோ 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அசையாச் சொத்து சம்பந்தமான பவரைப் பதிவு செய்வதே கட்டாயமாயிற்று. ஆகையால் மும்பையில் பணம் செலவழிக்குமுன் ஊர்ச் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒருமுறை விசாரித்துவிடுங்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது அங்கேயே முடித்துவிடுவதும் உண்டு.

எழுதிக்கொடுத்தவர் இறந்தால் பொதுவாக அந்த அதிகாரமும் அன்றே முடிந்துபோகிறது. தாயார் கொடுத்த பவரைக் கொண்டு அவருடைய அடக்கத்துக்குப் பின் கிரயம் எழுதுகிற குடும்பங்கள் உண்டு. அது வம்பை விலைக்கு வாங்குவதாகும். அப்போது சொத்து வாரிசுகளுடையது.

பவரை மட்டும் வாங்கிக்கொண்டு, "அறை என்னுடையது" என்று இருப்பவர்களும் கவனிக்க வேண்டும். 2011 அக்டோபரில் சூரஜ் லாம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம், பவர் பத்திரத்தினால் உரிமை மாறாது, பதிவு செய்த கிரயப் பத்திரமே வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

ஏற்கெனவே கொடுத்துவிட்ட பவரை ரத்து செய்ய விரும்பினால், வாயால் சொன்னது போதாது. ரத்துப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து, முகவருக்குப் பதிவுத் தபாலில் அறிவியுங்கள். ரத்தானதை அறியாமல் அவரோடு கிரயம் பேசினவரைச் சட்டம் பாதுகாக்கும் என்பதால், சொத்து இருக்கும் ஊரின் சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் ஒரு பிரதி போகட்டும்.