முத்திரையை நம்புவதா? சரக்கைச் சோதிப்பதா?

புத்தகங்களையும், பத்திரிகைகளையும், சர்க்கார் தஸ்தாவேஜுகளையும் படமெடுத்து, கம்ப்யூட்டர் கோப்புகளாக்கி, பின் சந்ததியாருக்கென்று டிஜிட்டல் காப்பகங்களில் சேர்த்து வைக்கும் வேலை இன்று பல தேசங்களிலும் நடந்து வருகின்றது. நல்ல வேலைதான். ஆனால், உள்ளே வரும் கோப்பை வாசலிலேயே சோதிக்க வேண்டாமா என்று கேட்டால், “கொடுத்தவர் பெரிய படிப்பாளியாயிற்றே, அவரைச் சந்தேகிக்கலாமா?” என்கின்றவர்கள் இருக்கின்றார்கள். “ரிஷி சொன்னார், ஆகையால் கேள்வி கேட்காதே” என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம்.

கோப்பு என்பது வெறும் எண்களின் வரிசையேயாகும். கைமாறும்போது அதில் ஒன்று புரண்டாலும் கோப்பு கெட்டுப்போகக் கூடும். ஆகவே, வரிசை முழுவதையும் ஒரு கணக்கிற்கு உட்படுத்தி, சிறியதொரு முத்திரை எடுக்கின்றார்கள். ஷா-256 என்னும் கணக்கில் அது 64 குறிகள் கொண்டதாய் எழுதப்படும். அனுப்புகின்றவர் எடுத்த முத்திரையும், காப்பகத்தார் தாமே மறுபடியும் எடுத்த முத்திரையும் ஒத்திருந்தால், கோப்பு வழியில் மாறவில்லை என்று கொள்ளலாம். பட்டம் பெற்றவர் அனுப்பினாலும், பாமரர் அனுப்பினாலும் கணக்கு ஒன்றேதான்.

இரண்டாவது, கோப்பின் வகையைப் பற்றியது. பெயரின் பின்னால் பி.டி.எப். என்று ஒரு வாலை ஒட்டிவிட்டால் மட்டும் அது பி.டி.எப். ஆகிவிடுமா? மனிதர் பெயருக்குப் பின்னுள்ள ஜாதி வாலை விட்டொழிக்கும்படி 1929-லேயே செங்கற்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் செய்யப்பட்டது. கோப்பின் வாலுக்கு மட்டும் என்ன தனி யோக்கியதை? பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தார் செய்த ‘டிராய்டு’ என்னும் கருவி, கோப்பின் உள்ளே இருக்கும் அடையாளத்தைப் பார்த்தே அது இன்ன வகை என்று சொல்லுகின்றது. அந்த வகைக்குரிய விதிப்படி கோப்பு சரியாய் அமைந்திருக்கின்றதா என்று பார்க்க ‘ஜோவ்’ போன்ற கருவிகள் இருக்கின்றன.

நிற்க, இந்தக் கணக்குகளையும் வேதமாக்கிவிடக் கூடாது. எம்.டி.5 என்னும் கணக்கில் வெவ்வேறான இரண்டு சரக்குக்கு ஒரே முத்திரை வரும்படி செய்ய முடியும் என்று 2004-ல் சீன ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். ஷா-1 என்னும் கணக்குக்கும் 2017-ல் அதே கதி நேர்ந்தது. வேண்டுமென்றே மோசம் செய்கின்றவனை இக்கணக்குகளால் இனித் தடுக்க முடியாது என்று கண்டவுடன், அறிவாளிகள் வேறு கணக்குக்கு மாறினார்கள். இதற்காக யாரும் அவர்களை நாஸ்திகர் என்று வையவில்லை!

இவையெல்லாம் சரியாயிருந்தும் கோப்பு பொய் சொல்லக் கூடும். 2013-ல் ஜெர்மனியில் டேவிட் கிரீசல் என்பவர் ஒரு கட்டட வரைபடத்தை ஜெராக்ஸ் கம்பெனியின் இயந்திரத்தில் நகலெடுத்த விஷயத்தைப் பாருங்கள். மூலத்தில் மூன்று அறைகளின் அளவு 14.13, 21.11, 17.42 சதுர மீட்டர் என்று இருந்தது. நகலிலோ மூன்றும் 14.13! கோப்பின் அளவைச் சுருக்குவதற்காக, ஒன்றுபோல் தோன்றும் துண்டுகளுக்கெல்லாம் ஒரே துண்டைப் போட்டுவிட்டது அந்த இயந்திரம். மங்கலுமில்லை, கிழிசலுமில்லை, எழுத்து பளிச்சென்று இருந்தது. பிறகு கம்பெனியார் திருத்தம் வெளியிட்டார்கள். ஆனால், அப்படிப்பட்ட நகலுக்கு முத்திரை எடுத்தால் முத்திரை சரியாகவே இருக்கும். வகையும் சரியாகவே இருக்கும். பொய்யைப் பொய்யாகவே பத்திரமாய்க் காப்பாற்றியதுதான் மிச்சமாகும்!

“எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான்” என்று நம்மவர்கள் சொன்னது இயந்திரத்துக்கும் பொருந்தும். ‘குடிஅரசு’ 1935-ல் எழுத்துச் சீர்திருத்தத்தைக் கையாளத் தொடங்கியது. அதற்கு முந்திய ஏடுகளில் பழைய ணை, லை, றா வடிவங்களே இருக்கின்றன. இன்றைய எழுத்தை மட்டும் பழகிய இயந்திரம் அவற்றைத் தப்பாய்ப் படித்தால், எழுதினவர் சொல்லாத வார்த்தை அவர் தலையில் ஏறும். மூலக் காகிதத்தை ஒரு மனிதர் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒத்துப் பார்ப்பதைத் தவிர இதற்கு வேறு வழியில்லை.

“இவ்வளவும் சோதித்தால் வேலை எப்போது முடிவது?” என்று கேட்பார்கள். முதலிரண்டு சோதனையையும் இயந்திரமே சீக்கிரத்தில் செய்துவிடும். மூன்றாவதற்கு எல்லாப் பக்கங்களையும் பார்க்க முடியாவிட்டால், சில பக்கங்களையாவது எடுத்துப் பார்க்கலாம். எதைப் பார்த்தோம், எதைப் பார்க்கவில்லை என்பதையும் ஒளிக்காமல் கோப்போடு எழுதி வைக்கலாம்.

இதில் அவசரம் என்னவென்றால், காகிதம் இருக்கும்வரையில் தப்பான நகலைத் திருப்பியனுப்பி வேறு வாங்கலாம். காகிதம் உதிர்ந்து போன பிறகு நகலே பிரமாணமாகிவிடும். பிறகு, ஏழையின் பட்டாவில் உள்ள அளவு தப்பு என்று சொல்ல அவனுக்கு என்ன ஆதாரம் இருக்கும்? மூலத்தைக் காட்டாமல் “இப்படித்தான் இருந்தது” என்று சொல்லியே நம்மை ஆண்டவர்கள் எத்தனை பேர்!

ஆகவே, காப்பகத்தார் யாருடைய கோப்பையும் சோதியாமல் ஏற்கக் கூடாதென்றும், சோதனையில் தவறினதை முகதாட்சண்யமில்லாமல் திருப்பியனுப்ப வேண்டுமென்றும், காப்பகத்துக்குப் போகும் ஒவ்வொரு தோழரும் “இது சோதிக்கப்பட்டதா? என்ன சோதனை?” என்று கேட்க வேண்டுமென்றும் வற்புறுத்துகின்றோம்.