திருவாரூரில் சர்வகலாசாலை, கேள்வித்தாளில் தமிழ் இல்லை

உயிரியலில் எம்.எஸ்ஸி. படிப்பது பெரிய வீட்டுப் பிள்ளைகளின் சங்கதி, நமக்கென்ன என்று சில தோழர்கள் நினைக்கிறார்கள். பஞ்சுத் தூசி நுரையீரலை என்ன செய்கிறது, நெற்பயிரின் குருத்தைப் பூச்சி எப்படித் துளைக்கிறது என்று ஆராய ஆட்களைத் தயார் செய்வது அந்தப் படிப்புதான். அதற்குள் யார் நுழைகிறார்கள் என்பது நம் சங்கதியே.

2009-ல் திருவாரூரில் மத்தியப் பல்கலைக்கழகம் ஏற்பட்டது. சுற்றிலும் விவசாயக் கூலிகள் வாழும் பூமி. அங்கே முதுகலையில் சேர அகில இந்திய நுழைவுப் பரீட்சை எழுத வேண்டும். 2025-ல் 75 கேள்விகள், 90 நிமிஷம். சரியான விடைக்கு 4 மார்க். தவறினால் 1 மார்க் பறிபோகும். உயிரியல் கேள்விகள் இங்கிலீஷில் இருக்கும், ஹிந்தியில் இருக்கும். தமிழில் இராது.

வேடிக்கையைப் பாருங்கள். பிளஸ் டூ முடித்தவர்கள் பட்டப்படிப்பில் சேர இதே நிறுவனம் நடத்தும் பரீட்சை 13 மொழிகளில் நடக்கிறது. அதில் தமிழும் உண்டு. வைத்தியப் படிப்புக்கான நீட்டிலும் தமிழ் உண்டு. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியவில்லை? சர்க்கார் கல்லூரியில் தமிழிலேயே பி.எஸ்ஸி. விலங்கியல் படித்துத் தேறிய கூலிக்காரர் மகள், ஒரு கேள்விக்குக் கிடைக்கும் 72 விநாடியில் முதலில் இங்கிலீஷோடு மல்லுக்கட்ட வேண்டும். அப்புறம்தான் விடையை யோசிக்க முடியும். ஹிந்தியில் படித்த தொழிலாளி மகனுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவன்மேல் நமக்குப் பொறாமையும் இல்லை. அவனுக்குக் கிடைத்தது நியாயம். அதே நியாயத்தைத்தான் கேட்கிறோம்.

ஆராய்ச்சி நூல்கள் இங்கிலீஷில்தானே இருக்கின்றன என்பார்கள். வாஸ்தவம். சேர்த்துக்கொண்டு இங்கிலீஷைக் கற்றுக் கொடுங்கள். வாசலில் சோதிக்க வேண்டியது உயிரியல் தெரியுமா என்பதை.

பணம் இன்னொரு வேலி. 2025-ல் பட்டியல் சாதி மாணவர் கட்டிய பரீட்சைக் கட்டணமே 1100 ரூபாய். அந்த வருஷம் தமிழ்நாட்டில் நூறுநாள் வேலைக்கு நிர்ணயித்த தினக்கூலி 336 ரூபாய். மூன்று நாள் உழைப்புக்கும் மேலே, இடம் கிடைக்குமா என்று தெரியாமலே!

சேர்ந்தபிறகும் லேசல்ல. பகலெல்லாம் வகுப்பு, ஆய்வுக்கூடம். நடவுக்குப் போய்விட்டு வந்து படிக்கிற படிப்பா இது? யு.ஜி.சி. 2024-ல் போட்ட விதியின்படி, நான்கு வருஷப் பட்டம் பெற்றவருக்கு எம்.எஸ்ஸி. ஒரு வருஷம், மூன்று வருஷப் பட்டத்துக்கு இரண்டு வருஷம். இரண்டு வருஷப் படிப்பில் முதல் வருஷத்தோடு நின்றுவிட்டால் டிப்ளமா கொடுக்கலாமாம். வறுமையால் நிற்கிறவர் கையில் காகிதம் கொடுப்பதைவிட, நிற்காமலிருக்க உபகாரச் சம்பளத்தை உயர்த்துவதல்லவா முறை?

தமிழ்நாட்டின் சர்க்கார் கலைக் கல்லூரிகளில் இன்னும் பி.எஸ்ஸி. மார்க்கை வைத்து, 69 சதவீத இட ஒதுக்கீட்டோடு எம்.எஸ்ஸி.க்கு இடம் தருகிறார்கள். அங்கே நுழைவுப் பரீட்சை என்று யாராவது வாயெடுத்தால் விடக்கூடாது.

அடுத்த பரீட்சைக்கான அறிவிப்பு வருமுன் ஆலைச் சங்கங்களும் விவசாயத் தொழிலாளர் சங்கங்களும் கூட்டம் போட்டு, தமிழிலும் கேள்வித்தாள் வேண்டும், ஏழை மாணவருக்குக் கட்டணம் ரத்தாக வேண்டும் என்று மத்திய கல்வி மந்திரிக்குத் தீர்மானம் அனுப்ப வேண்டும். நகல் ஒன்றை உங்கள் பார்லிமெண்ட் மெம்பரிடம் நேரில் கொடுங்கள்.