மாட்டுக்கு ஸ்மார்ட் பேண்ட்: யார் வாங்கித் தருவது?

பசு சினைப்பருவத்துக்கு வருவது சுமார் 21 நாளுக்கு ஒருமுறை. அதுவும் ஒரு நாள்கூட முழுசா நீடிக்காது. ராத்திரியில் வந்து போய்விட்டால்? இன்னும் 3 வாரம் காத்திருக்கணும். கன்று தள்ளிப்போகும், பால் தள்ளிப்போகும். தீனிச் செலவு மட்டும் நிற்காது.

பருவத்தில் மாடு நிலைகொள்ளாமல் நடக்கும். பெங்களூரு ஸ்டெல்லாப்ஸ் நிறுவனத்தின் ‘மூஆன்’ சென்சாரை மாட்டின் காலில் கட்டினால், நடமாட்டத்தைக் கணக்கெடுத்து மொபைலுக்குத் தகவல் அனுப்பும். (இஸ்ரேலில் இது 1980-களிலேயே வந்தாச்சு.) கட்டிப்போட்ட மாட்டிடம் இந்தக் கணக்கு கொஞ்சம் தடுமாறும்.

ஐயம்பேட்டையில் தறியோடு ரெண்டு மாடும் வைத்திருப்பவருக்கு இதைத் தனியாக வாங்கிக் கட்டுப்படியாகாது. ஆவினுக்குப் பால் ஊற்றும் கூட்டுறவு சங்கமே வாங்கி, வாடகைக்குத் தரலாம். சினை ஊசி போடுபவருக்கும் அதே அலர்ட் போகணும். அவர் நேரம் தவறி வந்தால், சென்சார் இருந்தும் பருவம் தப்பிவிடும்.